கோணேசபுரிக்கு நான்கு பிரயாணங்கள்

உயர்தரப் பரீட்சை முடிந்து பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் மாதங்கள் எங்கள் ஊர்ப் பக்கத்திலே ஒரு விசித்திரமான காலம். புத்தகங்கள் அலமாரிக்குள் அடங்கிவிடும். பிள்ளைகளுட் சிலர் கணினி வகுப்புக்குச் செல்வர்; சிலர் கடற்கரை விடுதிகளிலே தற்காலிக வேலை தேடிக்கொள்வர்; ஏனையோர் நன்றாக உறங்குவர். பெற்றோர் கோயில்களுக்கு நேர்த்தி வைப்பர். ஆசிரியர்களாகிய நாமோ அடுத்த வகுப்பாரைக் கரையேற்றும் அலுவலில் மூழ்கி, சென்றவர்களை மறந்துவிடுவோம். அந்த மறதியைப் பற்றியே இன்று எழுத நினைக்கிறேன்.

நிலாவெளியிலே என் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி ஒரு தாயும் அவருடைய பிள்ளைகள் இருவரும் வாழ்கின்றனர். தந்தையார் கத்தார் நாட்டிலே தொழில் புரிகின்றார். மூத்தவள் பெண். இளையவனுக்கு வயது 18. என்னிடம் கணிதம் பயின்றவன். அவன் சிறுவனாயிருந்தபோது கொழும்புக்குக் கொண்டுசென்று காட்டியதில், அவனுக்கு இருப்பது ஓட்டிசம் என்று வைத்தியர் கூறினார். மதியிறுக்கம் என்று அதனைத் தமிழில் எழுதுகிறார்கள். எனக்கு அச்சொல் உவப்பானதன்று. அவனோடு அரைமணி நேரம் பேசிய எவரும் அவனுடைய மதி இறுகியிருக்கிறதென்று சொல்லமாட்டார்.

ஒரு நாள் பாடசாலை முற்றத்திலே, "தம்பி, ஒரு நிமிஷம் நில், வந்துவிடுகிறேன்" என்று அவனிடம் சொல்லிச் சென்றேன். வழியிலே அதிபரைக் கண்டு பேசத் தொடங்கி அவனை அடியோடு மறந்துபோனேன். திரும்பி வந்தபோது அவன் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தான். கைக்கடிகாரத்தைக் காட்டி, "சேர், 23 நிமிஷம்" என்றான். அவன் குரலிலே கோபம் சிறிதும் இல்லை. கணக்கிலே பிழை விட்டவனைத் திருத்துவதுபோற் சொன்னான். சொல்லுக்குச் சொன்ன பொருளே உண்டென்று நம்புகிறவன் அவன். பஸ் வண்டியின் ஊதொலி கேட்டால் இரு காதுகளையும் பொத்திக்கொள்வான். முன்னறிவித்தலின்றி வகுப்பறை மாறினால் அன்று முழுவதும் அவனுக்குப் பாடம் ஏறாது. இத்தகைய பிள்ளைகள் யாவரும் கணித மேதைகள் என்றோர் எண்ணத்தைச் சினிமாப் படங்கள் பரப்பிவிட்டன. இவன் மேதையல்லன், ஊன்றிப் படிப்பவன், அவ்வளவே. இணைந்த கணிதத்திலே நல்ல சித்தி பெறுவான் என எதிர்பார்க்கிறேன்.

பரீட்சை முடிந்து சில வாரங்களின் பின், ஒரு மாலைப் பொழுதிலே அந்தத் தாய் என் வீட்டுக்கு வந்தார். நெடுநேரம் வேறு விஷயங்களைப் பேசினார். எழுந்து படியிறங்கும்போதுதான் வந்த காரியத்தைக் கேட்டார்: "சேர், இவனைக் கம்பசுக்கு அனுப்பலாமோ?"

அக்கேள்விக்கு உடனே விடை சொல்ல என் நாவெழவில்லை. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன்னர் இதே இயல்புடைய மாணவன் ஒருவன் என்னிடம் பயின்றான். அவனுக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்த அன்று அவனுடைய தோளிலே தட்டி, "தைரியமாகப் போய் வா" என்றேன். அதற்குமேல் நான் ஒன்றும் செய்யவில்லை. அவன் மூன்றாவது வாரத்திலே பெட்டியுடன் வீடு திரும்பினான். என்ன நடந்ததென்று எவரிடமும் சொல்லவில்லை. இன்று தன் தமையனுடைய கடையிலே கணக்கெழுதுகிறான். அக்கடைக்குப் போகும்போதெல்லாம் அவன் எனக்குச் சரியாகவே மிச்சப் பணம் தருகிறான், முகம் பார்ப்பதில்லை. அவனுக்கு மதிப்பெண் இருந்தது, அறிவு இருந்தது. அங்கே காலையிலே மணி அடிக்காது என்பதைக்கூட அவனுக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை.

பாடசாலையிலே மாணவன் ஒரே இடத்தில் இருக்கிறான். ஆசிரியர்கள் மாறி மாறி வருகிறார்கள். பல்கலைக்கழகத்திலே அவன் இடம் மாறிக்கொண்டே இருக்கவேண்டும். இரண்டு விரிவுரைகளுக்கு இடையே மூன்று மணி நேரம் வெறுமையாகக் கிடக்கும். அதனை என்ன செய்வதென்று எவரும் கட்டளையிடார். மண்டபம் மாறியதை அறிவித்தற் பலகையிலோ கைத்தொலைபேசிச் செய்தியிலோ தானே கண்டுகொள்ளவேண்டும். ஏனைய பிள்ளைகள் இவற்றை ஒருவரையொருவர் பார்த்து இரண்டு வாரத்திற் பழகிவிடுகிறார்கள். பார்த்துப் பழகுதல் என்னும் அந்த வித்தைதான் இவனுக்கு எளிதில் வாராதது. ஆகவே அதனை அவனுக்குத் தனியாக, முன்கூட்டியே, ஒவ்வொன்றாகக் காட்டவேண்டும். மாம்பழம் வாங்குகிறவர்கூட மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தே வாங்குகிறார். மூன்று நான்கு ஆண்டு வாழ்வைக் கண்ணாற் காணாமலே தெரிவு செய் என்று பிள்ளையிடம் சொல்லுகிறோம்.

நல்வாய்ப்பாக, எங்களுக்குத் தூரம் போகவேண்டியிருக்கவில்லை. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் நிலாவெளி வீதியிலே, கோணேசபுரியில் இருக்கிறது. 2001ஆம் ஆண்டிலே வளாகமாக அமைந்தது. பிரயோக விஞ்ஞானம், தொடர்பாடலும் வணிகமும், சித்த மருத்துவம் ஆகியவை அங்கே கற்பிக்கப்படுகின்றன. எங்கள் ஊரார் நகரத்துக்குப் போகும் பஸ்ஸிலே அதனைத் தினமும் கடந்து செல்கிறார்கள். உள்ளே போனவர்கள் மிகச் சிலர். முன்னரே அனுமதி கேட்டுக்கொண்டு, அங்கே பயிலும் என் பழைய மாணவர் ஒருவரின் உதவியுடன் நான்கு முறை சென்றோம்.

முதற் பிரயாணத்தில் உள்ளே போகவில்லை. விடுமுறை நாளொன்றிலே வாயில் வரை சென்று திரும்பினோம், அவ்வளவுதான். தாய்க்கு இது வீண் செலவாகத் தோன்றியது. ஆனால் பையன் அன்று மூன்று விஷயங்களை எழுதிக்கொண்டான்: பஸ் எடுத்த நேரம், இறங்கும் தரிப்பிடத்தின் அடையாளம், காவலாளியிடம் காட்டவேண்டிய அட்டை எது என்பது. பின்பு என்னிடம், "சேர், உள்ளே போனபின் வெளியே வர எண்ணினால் யாரிடம் கேட்கவேண்டும்?" என்று வினவினான். "எவரிடமும் கேட்கத் தேவையில்லை. வாயில் திறந்தே இருக்கும். விரும்பியபோது வரலாம்" என்றேன். அவன் நெடுநேரம் அவ்வாயிலையே பார்த்துக்கொண்டு நின்றான். பன்னிரண்டு வருஷம் வாயிற்கதவு பூட்டிய பாடசாலையிலே இருந்தவனுக்கு அந்த ஒரு செய்தி எவ்வளவு பெரிது என்பது எனக்கு அப்பொழுதுதான் விளங்கிற்று.

அமெரிக்காவிலே தெம்பிள் கிராண்டின் என்றோர் அம்மையார் இருக்கிறார். 1947இலே பிறந்தவர், ஓட்டிசம் உள்ளவர், விலங்கியற்றுறைப் பேராசிரியர். பாடசாலையை விட்டு மேற்படிப்புக்குப் போதல் என்ற கருத்து அவருக்கு மனத்தில் உருவாகவில்லையாம். பாடசாலை விடுதியின் மாடியிலே கூரைக்குச் செல்லும் சிறிய மரக்கதவொன்று இருந்தது. அதனைத் திறந்து அப்பாற் செல்லுதலையே எதிர்காலத்துக்குள் நுழைதலாகப் பாவித்துத் தம் மனத்தை ஆயத்தம் செய்தார் என்று தம் நூலிலே எழுதியிருக்கிறார். அவருடைய திறமையைக் கண்டு ஆய்வுகூடத்தின் பக்கம் திருப்பிவிட்டவர் ஒரு விஞ்ஞான ஆசிரியர். கோணேசபுரி வாயிலிலே நின்ற இவனைக் கண்டபோது அந்தக் கதவு என் நினைவுக்கு வந்தது.

இரண்டாம் முறை வேலைநாளிற் சென்றோம். நூலகத்தையும் விரிவுரை மண்டபங்களையும் பார்த்தோம். நான் கட்டடங்களைப் பார்த்தேன்; அவன் ஓசைகளைப் பார்த்தான் என்று சொல்லவேண்டும். எந்த இடத்தில் மின்விசிறி கிறீச்சிடுகிறது, எந்த நடைபாதையிலே குரல் எதிரொலிக்கிறது, எந்த மரத்தடியில் எவரும் அமர்வதில்லை என்று குறித்துக்கொண்டான். ஓசையும் ஒளியும் கூட்டமும் மிகும்போது ஒதுங்கியிருக்க ஓரிடம் தெரிந்திருத்தல் இவர்களுக்கு மிக முக்கியம். அத்தகைய இரண்டு இடங்களை அவனே கண்டுபிடித்தான்.

மூன்றாம் பிரயாணமே கடினமானது. விரிவுரையாளர் ஒருவர் தமது விரிவுரையிலே கடைசி வரிசையில் அமர இடங்கொடுத்தார். பாடம் ஆங்கிலத்தில் நடந்தது. அவன் எழுதத் தொடங்கினான். ஒலிவாங்கி இடையிடையே கீச்சென்று அலறியது. முன்வரிசையிலே சிலர் மெல்லப் பேசிக்கொண்டிருந்தனர். இருபதாவது நிமிஷத்தில் அவன் எழுந்து வெளியே வந்துவிட்டான். மரத்தடியிற் காத்திருந்த தாயின் முகம் வாடிவிட்டது. "பார்த்தீங்களே சேர், நான் சொன்னேனே" என்றார். நானும் ஒரு கணம் அப்படித்தான் எண்ணினேன். அவனோ எங்கள் பக்கம் வரவேயில்லை. தான் கண்டுவைத்த மரத்தடிக்குப் போய்ப் பத்து நிமிஷம் இருந்தான். எழுந்தான். மறுபடியும் மண்டபத்துக்குள் சென்று விரிவுரை முடியும் வரை இருந்துவிட்டு வந்தான். முன்பு பெட்டியுடன் திரும்பிய என் மாணவனுக்கும் அந்தப் பத்து நிமிஷம் தெரிந்திருந்தால் என்று எண்ணாமல் இருக்க என்னால் முடியவில்லை.

நான்காம் முறை சிற்றுண்டிச்சாலைக்கு அவனை மதிய வேளையிலே தனியே அனுப்பினோம். படிப்பைவிட இதனையே நான் அதிகம் அஞ்சினேன். அரைமணி கழித்து ஒரு தேநீருடன் மட்டும் வந்தான். சாப்பாடு எங்கே என்று தாய் கேட்டார். "அங்கே வரிசையே இல்லை. எல்லோரும் ஒரே நேரத்திற் கேட்கிறார்கள். முதலில் வந்தவனுக்கு முதலிற் கொடுப்பதில்லை, சத்தமாகக் கேட்டவனுக்கே கொடுக்கிறார்கள்" என்றான். நமது நாட்டின் நிலைமையை இவ்வளவு சுருக்கமாக எவரும் எனக்குச் சொன்னதில்லை! பிறகு, "பதினொன்றரைக்கு வந்தால் கூட்டம் இராதென்று அந்த அண்ணர் சொன்னார். நான் பதினொன்றரைக்குச் சாப்பிடுவேன்" என்றான். அந்த 'அண்ணர்' எவரென்று எனக்குத் தெரியாது. முன்பின் அறியாத ஒருவரிடம் அவனாகவே போய்க் கேட்டிருக்கிறான்.

விடுதி வாழ்வை மட்டும் காட்ட இயலவில்லை. அதற்குப் பதிலாகத் திருகோணமலை நகரிலுள்ள மாமன் வீட்டிலே மூன்று இரவு தங்கவைத்தோம். தன் உடையைத் தானே தோய்த்தான். முதல் இரவு உறங்கவில்லை, மூன்றாம் இரவு உறங்கினான். விடுதியிலே ஓர் அறையிற் பலர் இருப்பர். அது வேறு விஷயம்தான். எனினும் வீட்டுக்கு வெளியே ஒருநாளும் படுத்தறியாதவன், அதனை முதன்முதலிற் பரீட்சிக்கும் இடம் விடுதியாக இருக்கலாகாது.

இவ்வகையான ஏற்பாடு ஊர் ஆசிரியர் ஒருவரின் கற்பனையென்று எண்ணவேண்டாம். இங்கிலாந்திலே பாத் பல்கலைக்கழகம் ஓட்டிசம் உள்ள மாணவருக்கென்றே கோடைகாலப் பாடசாலை நடத்தி வந்திருக்கிறது. விண்ணப்பிக்கும் முன்னரே அவர்கள் சில நாள் வளாக விடுதியிலே தங்கி, மாதிரி விரிவுரைகளைக் கேட்டு, தம்மைப் போன்ற மாணவருடன் பேசிப் பார்க்கிறார்கள். லீட்ஸ் நகரப் பல்கலைக்கழகமொன்றின் தலைமையிலே ஐரோப்பிய நாடுகள் சில கூடி 2013 முதல் 2016 வரை இதுபற்றியே ஆராய்ந்தன. மண்டபம் எப்படியிருக்கும், விரிவுரையின்போது என்ன நடக்கும், யாரிடம் உதவி கேட்கலாம் என்பவற்றைப் படங்களுடன் விளக்கும் வழிகாட்டியை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் அமைத்துக்கொள்ள அவர்கள் மாதிரி ஒன்று தயாரித்தார்கள். அதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. நமது வளாகங்களிலே மாணவர் சங்கத்தார் நான்கு பேர் ஒரு கைத்தொலைபேசியுடன் ஒரு பிற்பகலிலே செய்துவிடக்கூடிய காரியம்.

சட்டமும் நமக்கு எதிராக இல்லை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணமாகக் காட்டிக் கல்வி நிலையங்களிலே அனுமதி மறுப்பதைத் தடுக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அதே ஆண்டில் இந்தியா இயற்றிய சட்டம் ஓட்டிசத்தைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. அரச உயர்கல்வி நிலையங்களில் இத்தகையோருக்கு ஐந்து வீத இடமும் ஒதுக்குகிறது. நமது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிடும் கைந்நூலிலும் மாற்றுத்திறனாளிகளுக்கான விசேட ஏற்பாடு பற்றி ஒரு பகுதி உண்டு. பெற்றோர் வெட்டுப்புள்ளி அட்டவணையைப் புரட்டும் ஆவலிலே அதனைக் கடந்து போய்விடுகிறார்கள். பிள்ளை இன்னும் உயர்தர வகுப்பிலே இருந்தால், பரீட்சைக்கு மேலதிக நேரம் போன்ற சலுகைகளைப் பாடசாலை மூலம் முன்கூட்டியே பரீட்சைத் திணைக்களத்திடம் கேட்கலாம். மண்டபத்துக்குள் நுழைந்த பின் கேட்டுப் பயனில்லை.

இங்கே ஒரு சங்கடத்தைச் சொல்லவேண்டும். இச்சலுகைகளைப் பெறவேண்டுமாயின் வைத்தியச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் வேண்டுமாயின் விஷயத்தை வெளியிடவேண்டும். "அவனுடைய அக்காவுக்கு வரன் பார்க்கிறோம், சேர்" என்று தாய் தயங்கினார். அவருடைய அச்சத்தை நான் இகழமாட்டேன். நமது சமூகத்தை அவர் என்னைவிட நன்றாக அறிவார். ஆனால் ஊரறியச் சொல்லுதல் வேறு; மாணவர் ஆலோசகர் ஒருவருக்கும் விரிவுரையாளர் ஒருவருக்கும் சொல்லிவைத்தல் வேறு. எதனை எவரிடம் சொல்வதென்று தீர்மானிக்கும் உரிமை 18 வயது நிரம்பிய அவனுக்கே உரியது என்பது என் அபிப்பிராயம். அவனைக் கேட்டோம். "இரண்டு பேருக்குச் சொல்லலாம்" என்றான்.

இன்னொன்றையும் மறைக்க இயலாது, பகிடிவதையைக் குறிப்பிடுகிறேன். 1997ஆம் ஆண்டிலே பேராதனையில் பொறியியல் பயின்ற தமிழ் மாணவர் ஒருவர் அதனால் உயிர் துறந்தார். மறு ஆண்டிலே அதனைத் தடைசெய்யும் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. சட்டம் வந்தும் பழக்கம் முற்றாக ஒழியவில்லை. ஏனையோருக்கு அது அவமானம். சொல்லுக்குச் சொன்ன பொருளே உண்டென்று நம்பும் பிள்ளைக்கோ அது ஆபத்து. வெயிலில் நில் என்றால் இவன் நிற்பான். போதும் என்று எவராவது சொல்லும் வரை நிற்பான். நான் மறந்த 23 நிமிஷத்தை எண்ணிப் பாருங்கள். ஆதலால், "எனக்கு இது விருப்பமில்லை; நான் மாணவர் ஆலோசகரிடம் போகிறேன்" என்ற வசனத்தை வீட்டிலே பலமுறை சொல்லிப் பழக்கினோம். அவனுடைய அக்கா சிரேஷ்ட மாணவராக நடித்து மிரட்டினாள். முதலிலே அவனுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அவ்வசனத்தை முகத்தை நிமிர்த்திச் சொல்லக் கற்றுக்கொண்டான். சொன்னபின் அவ்விடத்தை விட்டு நடந்துவிடவும் பழகினான். நடப்பதுதான் கடினமாக இருந்தது.

இனி எஞ்சியிருப்பது விண்ணப்பம். பெறுபேறு வெளியானதும், எந்தப் பாடநெறியை எந்தப் பல்கலைக்கழகத்தில் விரும்புகிறான் என்பதை வரிசைப்படுத்திக் கொடுக்கவேண்டும். அந்த வரிசையும் இசற் புள்ளியும் மாவட்ட ஒதுக்கீடும் சேர்ந்தே அவன் எங்கு செல்வான் என்பதைத் தீர்மானிக்கும். கலைப் பாடநெறிகள் நீங்கலாக ஏனையவற்றுக்குப் பொதுவாக நாற்பது வீத இடம் நாடளாவிய திறமைக்கும், ஐம்பத்தைந்து வீதம் மாவட்டங்களுக்கும், எஞ்சிய ஐந்து வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் செல்கிறது. நமது திருகோணமலை அப்பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்று. ஆகவே அனுமதி கிடைக்குமா என்பதைவிட, எதற்கு அனுமதி கேட்பது என்பதே இவன் விஷயத்திற் பெரிய கேள்வி. வழக்கமாக அந்த வரிசையை எழுதுகிறவர்கள் மாமன்மாரும் தனியார் வகுப்பு ஆசிரியர்களும் அயல்வீட்டாருமே. கத்தாரிலிருந்து தந்தையார் தொலைபேசியில் மொறட்டுவைப் பொறியியலையே முதலில் எழுதச் சொன்னார். தாய் கோணேசபுரியை மட்டும் எழுதினாற் போதுமென்றார். மாலையிலே பிள்ளை வீட்டுக்கு வந்துவிடுவானே என்பது அவர் கணக்கு.

சென்ற ஞாயிற்றுக்கிழமை மூவரும் என் வீட்டு விறாந்தையிலே கூடியிருந்தோம். பழைய கைந்நூல் ஒன்றை விரித்து, வெறுந்தாளொன்றையும் பேனாவையும் பையனிடம் கொடுத்து, "நீயே வரிசைப்படுத்து, தம்பி" என்றேன். அவன் கோணேசபுரி என்று எழுதினான். இலக்கம் போடவில்லை. பேனாவை மூடி மேசைமேல் வைத்துவிட்டான்.

"ஏன், பிடிக்கவில்லையா?" என்று கேட்டேன்.

"பிடித்திருக்கிறது, சேர். ஆனால் ஒன்றைத்தானே பார்த்திருக்கிறேன். ஒன்றை எப்படி வரிசைப்படுத்துவது?"

தாய் என் முகத்தைப் பார்த்தார். நான் என்ன சொல்ல? மகன் சட்டைப் பையிலிருந்து மடித்த கடதாசி ஒன்றை எடுத்து விரித்தான். மட்டக்களப்புக்குப் போகும் பஸ்களின் நேரம் அதில் வரிசையாக எழுதப்பட்டிருந்தது. வந்தாறுமூலையில் இறங்கவேண்டும் என்று கீழே கோடிட்டிருந்தான். அங்கும் முதல் நாள் வாயில் வரை மட்டும் போய்த் திரும்பவேண்டுமாம். அடுத்த மாதம் விடுமுறை நாளொன்றிற் புறப்படுவதாக இருக்கிறோம்.